தடத்தின் வாய்

போன கிழமை நிரோஷினி எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். மெல்பேணின் ஸ்பிரிங்வேலில் நான் பதின்மூன்று வருடம் வேலை செய்த, வாகனங்களுக்கு ரயர் பூட்டும் கடைக்கு இப்போது அவள்தான் மனேஜர். “அங்கிள், குவாட் பைக்குக்கு ஸ்நோவுக்கும் சேத்துக்கும் சேர்த்து ஒரே செட் கேட்டு நிறையப் பேர் வருகினம். ஒன்லைன்ல வாங்கிக்கொண்டு வந்து, பூட்டித் தாங்கோ எண்டு மட்டும் சொல்லினம். நீங்க ஒரு நோட் எழுதித் தாங்கோவன், வெப்சைற்றில போடுவம்” என்று கேட்டிருந்தாள். ஒரு பக்கம் போதுமாம்.

எழுத உட்கார்ந்தேன். ரயரைப் பற்றிய பகுதி சீக்கிரம் முடிந்துவிட்டது. மிச்சத்தை அவள் வெப்சைற்றில் போடமாட்டாள். இருந்தாலும் அதை விட்டுவிட்டு இதை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

முதலில் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். குவாட் பைக் என்பது பண்ணைகளில் ஓட்டும், நாலு சக்கரச் சில்லுள்ள மோட்டார் சைக்கிள். சேற்று ரயரின் பற்கள் ஆழமானவை, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பவை. சுழலும்போது இடையில் அடைந்த சேற்றை வீசி எறிந்து தன்னைத் தானே துப்புரவாக்கும். ஆழமான பனியில் இதே ரயர் தோண்டத் தொடங்கிவிடும். நாலு சுற்றுச் சுற்றினால் பைக் தனக்குத் தானே கிடங்கு வெட்டி உள்ளே இறங்கிவிடும். பனிக்கு நல்லது குட்டையான, நெருக்கமான பற்கள், மென்மையான ரப்பர், பல்லின் மேலே மெல்லிய கீறல்கள். ஆனால் அந்த ரயரைச் சேற்றில் விட்டால் பத்து யார் தூரத்துக்குள் இடுக்கெல்லாம் அடைபட்டு வழுக்கத் தொடங்கும். எங்கள் விக்டோரியா மாநிலத்துப் பனி கனடாப் பனி அல்ல. ஈரமானது, மெல்லியது, அடியில் சேறு. ஆகவே நடுத்தரமான பல், மென்மையான ரப்பர், முன்னுக்கு ஒடுக்கமான ரயர். ஒடுங்கியது பனியை வெட்டிக்கொண்டு தரையைத் தொடும்.

கம்பனி போட்டுத் தந்ததைவிட ஒரு அங்குலம் பெரிய ரயர் போடலாம். அதற்கு மேல் போனால் மட்காட்டில் உரசும், கியர்பெட்டி அழும். நாலு சில்லும் இழுக்கும் பைக் என்றால் முன்னும் பின்னும் ஒரே அளவில் கூட்டவேண்டும். காற்று ஐந்து, ஆறு பி.எஸ்.ஐ. மட்டுமே. கார் ரயர் பார்க்கும் மீற்றரில் அந்த அளவு வாசிக்க முடியாது, அதற்கென்று தனி மீற்றர் வாங்குங்கள். கடைசியாக, ரயரின் பக்கச் சுவரில் ஒரு அம்புக்குறி இருக்கும். ரயர் அந்தப் பக்கமாகத்தான் உருளவேண்டும். அதைப் பார்க்காமல் சில்லில் மாட்டிப் பூட்டாதீர்கள்.

அந்த அம்புக்குறியில்தான் என் கதை இருக்கிறது.

ஊரில் நான் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். அவுஸ்திரேலியாவுக்குப் படகில் வந்து, தடுப்பு முகாமில் இருந்து, வெளியே விடப்பட்டு, நோபல் பார்க்கில் ஒரு கராஜின் பின்னறையில் மூன்று பேரோடு குடியிருந்த காலத்தில் இந்த வேலை கிடைத்தது. முதல் வருடம் ரயர் கழற்றவும், ஒட்டவும், என் விரல்களை நசுக்காமல் இருக்கவும் பழகினேன். மனைவியும் மகளும் வவுனியாவில் இருந்தார்கள். விசா விசாரணைக்குக் காட்ட, நான் ஒழுங்காக வேலை செய்பவன் என்று கடையிலிருந்து ஒரு கடிதம் தேவைப்பட்டது. அந்தக் கடிதத்தை எழுதித் தரவேண்டியவர் முத்தண்ணை.

முத்தண்ணையின் முழுப்பெயர் ஞானமுத்து. ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழர், வேலைத்தளத்துக்குப் பொறுப்பானவர். ஞாயிறு காலை தேவாலயத்தில் பாடுவார், மற்ற நாட்களில் அநேகமாக வாயே திறக்கமாட்டார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. பிழை கண்டால் அந்த இடத்தில் மஞ்சள் சோக்கட்டியால் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். நாம்தான் வட்டத்துக்குள் என்ன பிழை என்று கண்டுபிடிக்கவேண்டும். ஏச்சு வாங்குவதைவிட அது கொடுமை. ரயரின் விளிம்பு ரிம்மில் போய் உட்காரும்போது இரண்டு வெடி கேட்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்பார். இரண்டாவது வெடி மந்தமாக இருந்தால் காற்றைத் திறந்துவிடச் சொல்லிச் சைகை காட்டுவார்.

இரண்டாம் வருடம், குளிர் தொடங்குவதற்குச் சற்று முன், கெவின் என்பவர் ட்ரெய்லரில் ஒரு பழைய குவாட் பைக்கைக் கொண்டுவந்தார். எழுபதை எட்டியவர். மெல்பேணுக்குக் கிழக்கே மூன்று மணி நேரத் தூரத்தில், பனி விழும் உயரத்தில், கொஞ்சம் மாடும் நிலமும் வைத்திருந்தார். மகளைப் பார்க்க மல்கிரேவுக்கு வந்த இடத்தில் எங்களிடமும் வந்தார். இப்போது வரும் குவாட்களில், கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்ற ஒரு கம்பி வளைவு இருக்கும். அவருடையதில் அது இல்லை.

கெவினுக்கு இருப்பதிலேயே ஆழமான பல்லுள்ள ரயர்தான் வேண்டும். முத்தண்ணை அவரை ஒரு கதிரையில் இருத்தி, பனியில் எத்தனை நாள் ஓடுவீர்கள், சேற்றில் எத்தனை நாள், கல்லில் எத்தனை நாள் என்று கேட்டார். பழைய ரயரின் பற்களைப் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். கடைசியில் நடுத்தரப் பல்லில், அம்புமுனை வடிவத்தில் வெட்டு வைத்த ஒரு ரயரைக் காட்டினார். கெவின் பத்து நிமிடம் முரண்டு பிடித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அப்போது முத்தண்ணை அவருக்குச் சொன்ன ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்த ரயர் தரையில் ‘V’ எழுத்துப்போல வாய் வாயாகத் தடம் விடும், வாய் திறந்திருக்கும் பக்கம்தான் வண்டி போன பக்கம் என்றார். கெவின் சிரித்தபடி, இனி என் மனைவி நான் போகும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவாள் என்றார்.

பூட்டியது நான். பைக் ட்ரெய்லரிலிருந்து பின்பக்கமாக இறக்கப்பட்டிருந்தது. நான் அதன் முகத்துக்கு முகம் பார்த்து நின்று, என் இடக்கைப் பக்கத்தை இடது என்றும் வலக்கைப் பக்கத்தை வலது என்றும் பிரித்தேன். கண்ணாடியில் பார்த்துத் தலை சீவுபவன் விடும் பிழைதான். நாலு சில்லும் பக்கம் மாறிப் போயின. நாலு அம்புக்குறியும் பின்பக்கம் பார்த்தன.

முத்தண்ணை வந்தார், பார்த்தார். அன்று கெவின் பக்கத்தில் நின்றதால் சோக்கை எடுக்கவில்லை. என் காதருகே குனிந்து, “நாலையும் திருப்பிப் போட்டுருங்க சிவா” என்று சொல்லிவிட்டுக் கவுண்டருக்குப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் ‘திருப்பி’ என்றால் முதலில் மனதில் வருவது ‘மறுபடியும்’ என்பதுதான். திருப்பிச் சொல்லு, திருப்பி எழுது. நட்டுகளை நான் இறுக்கிய விதம் பிடிக்கவில்லையாக்கும், மறுபடி கழற்றிப் பூட்டச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நாலையும் கழற்றினேன். இருந்த இடங்களிலேயே மறுபடி வைத்து, ஒவ்வொரு நட்டையும் அளந்து இறுக்கினேன். போதாக்குறைக்கு இருக்கையையும் ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். முத்தண்ணை தூரத்திலிருந்து, திருப்பிப் போட்டாச்சா என்று கேட்டார். ஓம் என்றேன். இரண்டு பேரும் உண்மைதான் பேசினோம்.

ஏழு, எட்டுக் கிழமைக்குப் பின், இரண்டு மாதம் முடிகிற அளவில், ஒரு காலை பத்து மணிபோலக் கடைக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் ஒரு பெண் பொலிஸ் அதிகாரி. கெவினை முதல்நாள் காலையிலிருந்து காணவில்லை. மனைவி ஷெரில் வீட்டுக்கு வந்து பார்த்தபோது நாய் மட்டும் இருந்திருக்கிறது, குவாட் பைக் இல்லை. இரவு பனி கொட்டி வீட்டுப் பக்கத்துத் தடமெல்லாம் மூடிவிட்டது. மேலே மலைமுகட்டுக் குடிசைக்கும் கீழே ஓடைக்கும் இடையில் போகும் பாதையில் மட்டும், மரங்களுக்கு அடியில், ஒரு துண்டுத் தடம் மிஞ்சியிருக்கிறது. வாய்கள் கீழே ஓடையைப் பார்த்துத் திறந்திருக்கின்றன. விடியற்காலையிலிருந்து தேடுபவர்கள் ஓடையின் அடியிலிருந்து மேல்நோக்கி வந்துகொண்டிருக்கிறார்கள். ரயர் சரியான பக்கமாகத்தான் பூட்டப்பட்டதா என்று உறுதிப்படுத்தவே கேட்கிறார். எங்கள் பில் கெவினின் கொட்டிலில் ஆணியில் குத்தியிருந்ததாம்.

முத்தண்ணை தொலைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்திருந்தார். சரியாகத்தான் பூட்டப்பட்டது, முதலில் ஒரு பிழை நடந்தது, நானே மாற்றச் சொன்னேன் என்று அவர் ஆங்கிலத்தில் சொல்வதைக் கேட்டேன். என்ன பிழை, எதை மாற்றச் சொன்னார்? அவர் சொன்ன ‘திருப்பி’ பக்கம் மாற்றச் சொன்னது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அந்தக் கிழமைதான் கடிதத்தை எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திராது. நான் நல்லவன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, மூன்று மூச்சு நேரம் நான் பேசாமல்தான் நின்றேன்.

“அண்ணை, நான் மாத்தேல்லை. திருப்பி எண்டு நீங்கள் சொன்னது, இன்னொருக்காப் பூட்டச் சொல்லுறியள் எண்டு நினைச்சனான். கழட்டி அப்பிடியேதான் பூட்டினனான்.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு தொலைபேசிக்குக் குனிந்து, மன்னிக்கவேண்டும், ரயர்கள் தலைகீழாகப் பூட்டப்பட்டிருக்கின்றன, ஆகவே தடமும் தலைகீழாகக் காட்டுகிறது, அந்த மனிதர் மேலே போயிருக்கிறார் என்றார். அடுத்த பக்கத்தில் அதிகாரி யாருக்கோ வோக்கி-டோக்கியில் கத்துவது கேட்டது. ஓடையில் இருந்தவர்கள் எல்லோரையும் அந்தத் தேடலை விட்டுவிட்டு மலைமுகட்டுப் பக்கம் போகச் சொன்னார்கள்.

முத்தண்ணை கடையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு கடை வான் வண்டியின் திறப்புக் கொத்தை எடுத்தார். தடத்தைப் படமெடுத்து அனுப்புகிறேன் என்று அதிகாரி சொன்னதற்கு, படத்தில் பார்ப்பது பார்வையாகாது என்றார். மூன்று மணி நேரம் ஓடினோம். நகரம் முடிந்து, புல்வெளி முடிந்து, சாம்பல் நிற மரங்கள் தொடங்கி, பிறகு மேகமே இறங்கி வீதியில் உட்கார்ந்துகொண்டது. முன்னால் போகும் கோட்டைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. இரண்டு மணியளவில் போய்ச் சேர்ந்தோம். ஒரு தொண்டர் எங்களைத் தடம் இருந்த இடத்துக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு, மேலே ஏறிக்கொண்டிருந்தவர்களோடு சேர்ந்துகொண்டார். அவருடைய செம்மஞ்சள் சட்டை கொஞ்சத் தூரத்தில் மேகத்துக்குள் மறைந்தது.

அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. காற்று இல்லை, குருவி இல்லை. மரங்கள் எல்லாம் முறுக்கிப் பிழிந்த துணிபோல வளைந்து நின்றன. அவற்றின் அடியில் நான் பூட்டிய ரயரின் தடம், இருபது யார் நீளத்துக்கு, அச்சடித்ததுபோலக் கிடந்தது. வருவதும் இல்லை, போவதும் இல்லை. ஒரு பக்கம் பனியிலிருந்து தொடங்கி மறுபக்கம் பனியிலேயே முடிந்தது. நான் அதன் பக்கத்தில் நின்றபோது, யாரோ எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு எண்ணம் முதுகில் ஏறியது. பயந்தேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், பட்டப்பகலில் பயந்தேன்.

முத்தண்ணை முழங்காலில் இருந்து, தடத்தின் ஒவ்வொரு வாயையும் விரலால் தொட்டார். பல் கிளறி எறிந்த பனித்துகள்கள் மேற்பக்கமாகக் கிடப்பதுபோல் அவருக்குப் பட்டது. வண்டி பனியைப் பின்னால்தான் எறியும். அப்படியென்றால் வண்டி கீழே போயிருக்கிறது.

“எனக்கென்னமோ இது சரியாப் பூட்டின ரயர் மாதிரித் தெரியுது சிவா. நீங்க மாத்தலைன்னு உறுதியாத் தெரியுமா?”

“சத்தியமா அண்ணை. இந்தக் கையாலதான் பிழையாப் பூட்டினனான்.”

அவர் விடவில்லை. நானும் விடவில்லை. மரத்திலிருந்து விழுந்த துகளாக இருக்கும் என்றேன். திருப்பி என்றால் யாருக்குமே புரட்டி என்றுதானே படும் என்று அவர் கேட்டார், எங்களுக்கு அப்படிப் படாது என்று நான் சொன்னேன். ஒரு மனிதனைக் காணாத இடத்தில் நின்றுகொண்டு, நாங்கள் ஒரு சொல்லுக்காகக் கால்மணி நேரம் வாதாடினோம். வாழ்க்கையில் எதையும் நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை. என் பிழையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

இடையில் ஒரு சத்தம் கேட்டது. டக். கொஞ்ச நேரம் கழித்து, டக், டக். இரும்பில் கல் படுவதுபோல. கீழேயிருந்தா, மேலேயிருந்தா, மேகத்துக்குள் திசை பிடிபடவில்லை. முத்தண்ணை கையை உயர்த்தினார், ரயர் ரிம்மில் உட்காரும்போது கேட்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னும் ஒருமுறை கேட்டது. நான், “கிளையில இருந்து ஐஸ் உடைஞ்சு விழுகுது அண்ணை” என்றேன். பேச்சைத் தொடர்ந்தோம். பிறகு அந்தச் சத்தம் வரவில்லை.

கடைசியில் அவர் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, பூட்டினவர் நீங்கள், நீங்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்றார். அவருடைய சந்தேகத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள் இருட்டுமுன் திரும்பி வந்துவிட்டோம்.

மறுநாள் காலை அதே பெண் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். இரவு முழுக்க மேலே தேடியிருக்கிறார்கள். விடிந்ததும், களைத்துப்போய் இறங்கிய இரண்டு பேர் ஓடைக்கரைப் பள்ளத்தில் ஒரு சில்லைக் கண்டிருக்கிறார்கள். கெவின் பைக்கின் அடியில் கிடந்திருக்கிறார். உயிர் இருந்தது. இரண்டு இரவு நசிபட்டுக் கிடந்த காலைப் பற்றி அதிகாரி எதுவும் சொல்லவில்லை. தடம் இருந்த இடத்திலிருந்து நேர் கீழே, அறுபது யார் தூரம். முதல்நாள் காலை அடியிலிருந்து ஏறி வந்தவர்கள் இன்னும் அரைமணி நேரம் வந்திருந்தால் அந்த இடத்தை அடைந்திருப்பார்கள்.

முத்தண்ணை தொலைபேசியை வைத்தார்.

“அம்புக்குறி நாலும் சரியாத்தான் இருந்துச்சாம்.”

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நான் பிழையாகப் பூட்டவில்லையாக்கும் என்று ஒரு விநாடி நினைத்தேன். அதன் பிறகுதான் மற்றதெல்லாம் விளங்கியது. விளங்கியதும் பின்பக்கத்துக்குப் போய், பழைய ரயர் அடுக்கின் மேல் இருந்துவிட்டேன். முத்தண்ணை வந்து பக்கத்தில் இருந்தார். வட்டம் போட அவர் கையில் சோக்கும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை, சொன்னபடியே, கடிதத்தை எழுதித் தந்தார். ‘நேர்மையானவர்’ என்று அதில் எழுதியிருந்தார். அந்தச் சொல்லை என்னால் இன்றுவரை நேராகப் பார்க்க முடியவில்லை.

ஐந்து கிழமை கழித்து, கெவினைப் பார்க்க நகரத்து ஆசுபத்திரிக்குப் போனேன். முத்தண்ணை தடுத்தார், சட்டச் சிக்கல் வரும் என்றார். போகாமல் இருக்க என்னால் முடியவில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது. ஷெரில் எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் எடுக்கப் போனார். மன்னிப்புக் கேட்க நான் வசனம் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். கெவின் என்னைப் பேச விடவில்லை.

ரயர்கள் பிழையாக இருந்ததை வீட்டுக்குப் போன அன்றே கண்டுவிட்டாராம். ஒரு மணி நேர வேலை, இடதையும் வலதையும் மாற்றி அவரே பூட்டிவிட்டார். கடைக்கு எடுத்துச் சொல்லத் தொலைபேசியைக் கையில் எடுத்திருக்கிறார். பிறகு, இருக்கையைக்கூடத் துடைத்துவிட்ட அந்தப் புது ஆளுக்கு ஏன் வீணாகக் கரைச்சல் கொடுக்கவேண்டும் என்று வைத்துவிட்டாராம். மனைவிக்கும் சொல்லவில்லை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு அவர் கேட்டார், அன்று பிற்பகல் மேலே நின்றது நீங்களா என்று. ஓம் என்றேன். விலா உடைந்திருந்ததால் என்னால் கத்த முடியவில்லை, ஒரு கல்லால் ரிம்மில் தட்டிக்கொண்டிருந்தேன் என்றார். அப்போது தலைக்கு நேர் மேலே, மேகத்துக்குள், குரல்கள் கேட்டிருக்கின்றன. மனிதக் குரல்கள்தான், ஆனால் அவருக்குத் தெரிந்த எந்த மொழியும் இல்லை. அவசரமில்லாமல், ஒருவருக்கொருவர் எதையோ கணக்குத் தீர்ப்பதுபோல அவை பேசிக்கொண்டே இருந்தன. நான் ஏற்கெனவே செத்துவிட்டேன், அந்தப் பக்கத்து ஆட்கள் என்னைப் பற்றித் தீர்மானிக்கிறார்கள் என்று நினைத்தேன் என்றார். இனித் தட்டிப் பயனில்லை என்று கல்லைக் கீழே வைத்துவிட்டாராம்.

அவர் தலையணையில் சாய்ந்து, அந்த மொழியில் ஏதாவது பேசுங்கள், அதுதானா என்று பார்க்கவேண்டும் என்றார். இரவுகளில் அது இன்னும் கேட்கிறதாம்.

அன்று நாங்கள் பேசியதை என்னால் சொல்ல முடியவில்லை. அன்று பேசியிருக்கவேண்டியதைச் சொன்னேன்.

“கெவின், நாங்கள் இஞ்சதான் நிக்கிறம். உங்கட சத்தம் கேக்குது. விடாமத் தட்டுங்கோ. வாறம்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் கிடந்த அவருடைய விரல், தன்பாட்டில், தட்டத் தொடங்கியது. ஒன்று. கொஞ்சம் இடைவெளி விட்டு, இரண்டு. முகம் நித்திரை கொள்பவருடைய முகம்போல இருந்தது, விரல் மட்டும்தான் அசைந்தது. நான் பேச்சை நிறுத்தினேன். விரலும் நின்றது, அவருடைய உதடு நடுங்கத் தொடங்கியது.

ஷெரில் தேநீரோடு வாசலில் வந்து நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. நாங்கள் இஞ்சதான் நிக்கிறம் கெவின், வாறம், வாறம் என்று, பார்வையாளர் நேரம் முடிந்து தாதி வந்து என் தோளைத் தொடும்வரை பேசிக்கொண்டே இருந்தேன்.